குஸ்கோவில் ஓர் அரை நாளும் ஒரு ரிட்டர்ன் டிக்கெட்டும்

அப்பா,

இன்று காலை ஒருவன் வந்து கதவைத் தட்டினான். போன வாரம் இங்கே ஹூஸ்டன் பக்கம், நம் பேர்லேண்டில் ஆலங்கட்டி மழை. மறுநாளிலிருந்தே கூரை மாற்றித் தருகிறவர்கள் தெருத் தெருவாக வந்துகொண்டிருக்கிறார்கள். ஏணியோடு வந்த அவன், மேலே ஏறி இலவசமாகவே பார்த்துச் சொல்கிறேன் என்று சிரித்தான். இலவசம் என்று காதில் விழுந்ததுமே என் வாய் தானாகத் தமிழில் முணுமுணுத்தது: "இதுல இவனுக்கு என்ன லாபம்?" அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது, ஏனென்றால் அது அப்படியே நீங்கள் கேட்கிற கேள்வி. அவனை அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்க இன்ஜினியராக மதகும் பாலமும் கட்டியவர் நீங்கள். கட்டியவர்களைச் சந்தேகப்பட்டவர் என்றால் இன்னும் சரியாக இருக்கும். காண்ட்ராக்டர் காபி வாங்கிக் கொடுத்தால் அன்றைக்குப் பூச்சை இரண்டு தடவை தட்டிப் பார்ப்பீர்கள். வீட்டிலும் அதே கதைதான். தம்பி ஒருநாள் கேட்காமலே உங்கள் காலை அமுக்கிவிட்டான், நீங்கள் கண்ணைக்கூடத் திறக்காமல் எந்தப் பாடத்தில் போச்சு என்றீர்கள். கணக்கில் போயிருந்தது. அந்த மூக்கு எனக்கும் அப்படியே வாய்த்திருக்கிறது. நம் இரண்டு பேரையும் அம்மா எப்படித்தான் சமாளித்தாளோ.

அப்படிப்பட்ட உங்களை ஏமாற்றத்தான் நான் பெரு நாட்டுக்குக் கூட்டிப்போனேன்.

அம்மா போன பிறகு ஆறு மாதம் திருச்சியில், ஆறு மாதம் எங்களோடு என்று நீங்கள் கிரீன் கார்டைக் காப்பாற்றிக்கொண்டு பறந்துகொண்டிருந்தீர்கள். உறையூர் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து, மறுநாள் பால்காரர் வந்து குரல் கொடுக்கும்வரை அங்கேயே கிடந்தீர்கள். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. எங்களோடே இருந்துவிடச் சொல்லி முன்பெல்லாம் எத்தனையோ தடவை ஜாடையாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். "எனக்கு உறையூர்ல வீடு இருக்கும்மா" என்று பேச்சை அங்கேயே முடித்துவிடுவீர்கள். மறுபடி கேட்டு மறுபடி அந்தப் பதிலைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை. அடுத்த தடவை நீங்கள் இங்கே வந்தபோது, கேட்காமலே காரியத்தை முடிப்பது என்று தீர்மானித்தேன். அதற்கடுத்த மாதம் பதினெட்டாம் தேதி நீங்கள் ஊருக்குத் திரும்ப வேண்டிய டிக்கெட்டை உங்களிடம் சொல்லாமல் கேன்சல் செய்தேன். மனசு உறுத்தியது. அந்த உறுத்தலுக்கு மருந்தாகத்தான் பெரு. சிமென்ட் இல்லாமல் கல்லோடு கல் பொருத்திய இன்கா சுவர்களின் படத்தை ஏதோ பத்திரிகையில் பார்த்துவிட்டு, ஒரு தடவையாவது நேரில் பார்க்கணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். ஹூஸ்டனிலிருந்து லிமாவுக்கு நேர் விமானம். லிமாவிலிருந்து குஸ்கோ.

உங்களுக்கு வீட்டிலேயே மூக்கில் வியர்த்துவிட்டது. ரெண்டு வருஷம் முன்னாடி கேட்டப்போ லீவு இல்லைன்னியே, இப்ப மட்டும் எங்கிருந்து வந்துச்சு என்று பெட்டி கட்டும்போது கேட்டீர்கள். மேனேஜர் மாறிவிட்டார் என்றேன். அது உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை.

குஸ்கோ ஹோட்டலில், உயரத்துக்கு நல்லது என்று கோகெய்ன் எடுக்கிற கோக்கா இலை போட்ட டீ வைத்தார்கள். தொட மாட்டேன் என்றுவிட்டீர்கள். இதைக் குடித்துவிட்டுப் போனால் ஹூஸ்டன் ஏர்போர்ட்டில் நாய் மோப்பம் பிடிக்குமா, கிரீன் கார்டுக்கு ஏதாவது வருமா என்று என்னைக் கேட்டீர்கள். சிரித்தேனே தவிர, நானும் குடிக்கவில்லை. இத்தனை வருஷம் பேப்பர் பேப்பராகச் சேர்த்து வாங்கியதை யார் ஒரு டம்ளர் டீக்குப் பணயம் வைப்பார்கள்?

மதியம் சாப்பிட்டதும் அரை நாள் டூர் கிளம்பியது. ஒரு சின்ன வேன், பத்துப் பன்னிரண்டு பேர், சிவப்புத் தொப்பி போட்ட ஒரு கைடு பெண். முதலில் சூரியன் கோயில். இன்காக்களின் சுவர்மேல் ஸ்பானியர்கள் தேவாலயம் கட்டினார்கள், பூகம்பம் வந்தபோது மேலே இருந்தது விழுந்தது, கீழே இருந்தது நின்றது என்றாள் அவள். சொல்பவள் இந்த ஊர்க்காரி, அப்படித்தான் சொல்வாள் என்று என் காதில் போட்டுவிட்டு நீங்கள் ஒரு கண்ணை மூடிச் சுவரை மேலிருந்து கீழ்வரை அளந்தீர்கள். சுவர் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. உங்கள் முகம் மாறியதைப் பார்த்தேன். "சாய்வு கொடுத்திருக்கான். திருட்டுப்பய, தெரிஞ்சு கட்டியிருக்கான்" என்றீர்கள். உங்கள் வாயிலிருந்து இன்னொருவன் வேலைக்கு இதற்குமேல் ஒரு பாராட்டை நான் கேட்டதில்லை.

நகருக்கு மேலே சக்சாய்வாமான் கோட்டையில் யானையை விடப் பெரிய கற்கள். இடுக்கில் ஒரு காகிதம்கூட நுழையாது என்றாள் கைடு. மற்றவர்கள் படம் எடுத்தார்கள். நீங்கள் சட்டைப் பையிலிருந்து போர்டிங் பாஸை எடுத்து இடுக்கில் செருகப் போனீர்கள். காவல்காரர் விசில் ஊதினார். கல்லைத் தொடக் கூடாதாம். பத்துப் பேர் திரும்பிப் பார்க்க, எனக்கு மானம் போயிற்று. நீங்களோ கொஞ்சமும் அசராமல், செக் பண்ண விடமாட்டேங்கறான்னா ஏதோ இருக்கு என்றீர்கள். வேனுக்கு நடக்கும்போது, அதே குரலில், என்னைப் பார்க்காமல் கேட்டீர்கள்.

"ஏம்மா, என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?"

"இல்லையேப்பா. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

நீங்கள் எதையும் சும்மா கேட்கிறவர் இல்லை. தம்பி உளறிவிட்டானா? பெங்களூரில் இருக்கும் அவனுக்கு மட்டும்தான் நான் டிக்கெட் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அன்று காலை நீங்கள் ஹோட்டல் வாசலில் நின்று யாரோடோ போனில் பேசியது நினைவுக்கு வந்தது. அதற்குப் பிறகு இன்கா சரித்திரம் எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. ஒரு கம்பளிக் கடையில் வேனை நிறுத்தினார்கள். கடைக்காரரும் கைடும் பார்த்துக்கொண்ட பார்வையை நீங்கள் கவனித்தீர்கள், நான் உங்களைக் கவனித்தேன். அங்கே ஒரு ஸ்வெட்டரை என் தோள்மேல் வைத்துப் பார்த்தபடி, "என்னை வச்சுப் பராமரிக்கறது கஷ்டம்மா, நான் நச்சரிக்கிற ஆளு" என்று யாரையோ பற்றிச் சொல்வது போலச் சொன்னீர்கள். அப்படியெல்லாம் இல்லைப்பா என்று பேச்சை மாற்றினேன்.

கடைசி இடம் தம்போமச்சாய். கல் படிகளுக்கு நடுவே தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது என்றாள் கைடு. நீங்கள் அதை நம்பாமல் மேட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி, மூச்சு வாங்கவே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டீர்கள். வெயில் இறங்கிக் குளிர ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் மஃப்ளரைச் சரி செய்தேன். கேட்பதற்கு அதைவிட நல்ல நேரம் இனி வராது என்று எனக்கே தெரிந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

"ஊருக்கு எப்போம்மா டிக்கெட்?"

"பதினெட்டாம் தேதிப்பா. கன்ஃபார்ம் ஆயிடுச்சு."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பூச்சைத் தட்டிவிட்டுச் சத்தத்துக்குக் காது கொடுப்பீர்களே, அதே பார்வை. "சரி" என்று எழுந்து வேனை நோக்கி நடந்தீர்கள்.

வீடு திரும்பி ஒரு வாரம் கழித்து, ஏர்லைன்காரர்கள் அந்த விமானத்தையே நிறுத்திவிட்டார்கள் என்று அடுத்த பொய்யைச் சொன்னேன். அப்படியா, இருக்கட்டும் என்றீர்கள். எந்தக் கேள்வியும் இல்லை. அதுவே எனக்கு உதைத்திருக்க வேண்டும். பிறகு இரண்டு வருஷம் இந்த வீட்டில் இருந்தீர்கள். வேலி போட வந்தவனை விரட்டினீர்கள், கோயில் பிரசாதத்தில் முந்திரி குறைந்துவிட்டது என்று சந்தேகப்பட்டீர்கள், ஊர்ப் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. எந்தக் காண்ட்ராக்டராலும் ஏமாற்ற முடியாதவரை நான் ஏமாற்றிவிட்டேன் என்று உள்ளுக்குள் எனக்குக் கர்வம்கூட இருந்தது, அப்பா. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் உங்கள் முதல் வருஷத் திதிக்குத் தம்பி வந்திருந்தான். சாப்பிட்டு முடித்து இலையை எடுக்கும்போது, இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார் என்று ஆரம்பித்தான். டிக்கெட் கேன்சல் ஆன மெயில் உங்களுக்கும் வந்திருக்கிறது. அந்த டிக்கெட்டில் உங்கள் மெயில் முகவரியைப் போட்டதே நான்தான், விமானம் தாமதமானால் உங்களுக்கே தெரியட்டும் என்று. குஸ்கோவில் அன்று காலை ஹோட்டல் வாசலில் நின்று அவனிடம்தான் பேசியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னதை அவன் அப்படியே சொன்னான்.

"எனக்கும் தனியா இருக்க பயமாத்தான்டா இருக்கு. நான் இருக்கத்தான் போறேன். ஆனா அவ வாயால ஒரு தடவை கேக்கட்டும்."

அன்று மதியம் முழுக்க நான் கேட்பதற்காக நீங்கள் இடம் விட்டு இடம் விட்டு நின்றிருக்கிறீர்கள். நான் உங்களை வேவு பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டால் மாட்டேன் என்பீர்கள் என்று பயந்தேன். நீங்களோ, நான் கடமைக்காக வைத்துக்கொள்கிறேனா, ஆசையாகத்தான் வைத்துக்கொள்கிறேனா என்று தெரியாமலே இரண்டு வருஷம் இந்த வீட்டில் இருந்து, தெரியாமலே போய்விட்டீர்கள். ஒரு வாக்கியத்தில் தீர்ந்திருக்கும். அந்த வாக்கியம் இன்னும் என்னிடமே இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்.

அப்பா, பதினெட்டாம் தேதிக்கு டிக்கெட் இல்லை. நீங்க இல்லாம எனக்கு முடியலப்பா. எங்ககூடவே இருந்துடுங்க.