பேட்டரி இறங்கிய நேரத்தில் பதிந்த பாட்டு

நேற்று அருப்புக்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உன் குரலைக் கேட்டேன். பழைய கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றித் தருகிறார்கள் என்று, பீரோவில் கிடந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிருந்தேன். ஒன்றைப் போட்டதும் கீச்சுக்குரல் வந்தது. கடைக்காரப் பெண், "பேட்டரி இறங்குன நேரத்துல பதிஞ்சிருக்காக சார், சரி பண்ணிரலாம்" என்று வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள். நீ பாடினாய்.

நாம் இருவரும் திருச்சுழிப் பள்ளியில் வேலை பார்த்த காலம். வானொலிக்கு அனுப்பப் பாட்டைப் பதிய வேண்டும் என்று என் டேப்ரெக்கார்டரைக் கேட்டாய். அன்று கரண்ட் இல்லை. பழைய பேட்டரியிலேயே பதிந்தோம். மறுநாள் ஆசிரியர் அறையில் கரண்டில் மாட்டிப் போட்டேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ஏலே, கோழிக்குஞ்சையா பாட விட்ட?" என்றார் கணக்கு வாத்தியார்.

நீ என்னைத்தான் பார்த்தாய். "என் குரல் இப்படியாடா இருக்கு?"

"மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதுப்பா" என்றேன். அறிவியல் வாத்தியாரான நான் சொன்னதை நீ நம்பினாய்.

எனக்குக் காரணம் தெரியும். மெதுவாகப் போகும் வண்டியிலிருந்து மல்லி விதையைத் தூவினால் நெருங்கி விழும்; அந்தத் தடத்தில் வேகமாக ஓடினால் அடுத்தடுத்துக் காலில் குத்தும். பேட்டரி இறங்கினால் டேப் மெதுவாக ஓடும், ஒலி நெருங்கிப் பதியும். கரண்டில் ஓட விட்டால் கீச்சிடும். அடுத்த வாரமே எட்டாம் வகுப்புக்கு இதை விளக்கினேன். உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. காலை வணக்கக் கூட்டத்தில் நீ பாடி முடித்ததும் பிள்ளைகள் உன்னைச் சூழ்ந்துகொள்வது எனக்குப் பொறுக்கவில்லை.

நீ கேசட்டை அனுப்பவில்லை. காலை வணக்கத்திலும் பாட மறுத்துவிட்டாய். உன் இடத்தில் என் டேப்ரெக்கார்டரை வைத்தார்கள். பொத்தானை அழுத்துகிற வேலை எனக்கு. நீ வரிசையில் கைகட்டி நிற்பாய்.

இன்று காலை மல்லாங்கிணற்றில் உன் மகளிடம் பென்டிரைவைக் கொடுத்தேன். மாலை போட்ட உன் படத்துக்குக் கீழே உட்கார்ந்து முழுதும் கேட்டாள்.

"அப்பா பாடுவாகளா மாமா?"

வீட்டில் ஒரு நாளும் நீ பாடியதில்லையாம். நன்றாகப் பாடுவான் என்றேன்.

"பெறகு ஏன் விட்டுட்டாக?"

"தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அவளிடம் சொல்ல வேண்டியதை இப்போது உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.