கொத்தமல்லி இல்லாத கஞ்சி

அன்பே,

ஒஹாயோவில் பனி கொட்டுகிறதாமே. உன் பச்சை ஸ்வெட்டர் இங்கேயே கிடக்கிறது. வேண்டுமென்றால் அனுப்புகிறேன். ஹனோயில் தூறல் விட்டபாடில்லை.

நீ என்னை விட்டுப் போனதை இந்தச் சந்தில் யாரிடமும் சொல்லவில்லை. எதிர்வீட்டு மியென் அக்கா, "தங்கச்சி கண்ணுலயே படலையே?" என்று கேட்டபோது, காய்ச்சலோடு மாடியில் படுத்திருக்கிறாய் என்று உளறிவிட்டேன். அன்றுமுதல் காலையில் நம் கேட்டில் அக்கா இரண்டு பைகளை மாட்டிவிட்டுப் போகிறாள். எனக்கு நூடுல்ஸ், உனக்குக் கோழிக் கஞ்சி. கொத்தமல்லி சோப்பு மாதிரி இருக்கிறதென்று நீ ஒதுக்குவாயே, அதனால் உன் கஞ்சியில் மட்டும் அதைப் போடுவதில்லை. கீழே கொட்டினால் குப்பைக்காரி அக்காவிடம் சொல்லிவிடுவாள். இரண்டையும் நானே சாப்பிடுகிறேன்.

அக்காவின் கணவர் லுவான் நேற்று சந்துக்கே கேட்கும்படி கத்தினார்: "பொண்டாட்டி காய்ச்சல்ல கெடக்குறா, நீ மட்டும் நல்லா ஊதிட்டியேப்பா!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

இன்றைக்கும் இரண்டு பைகள் தொங்கின. பிரித்துப் பார்த்தால், உன் கஞ்சியில் கொத்தமல்லியை அள்ளித் தூவியிருந்தாள், எனக்குப் பிடிக்கிற மாதிரி. தன் வாசலில்தான் நின்றிருந்தாள். உன் காய்ச்சலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடு, தம்பி" என்றாள், அவ்வளவுதான்.

உள்ளே வந்து உட்கார்ந்து, உன் கஞ்சியிலிருந்து கொத்தமல்லியை ஒவ்வொரு இலையாகப் பொறுக்கி வெளியே வைத்தேன்.

இப்படிக்கு,
மாடியில் உன் அறைக்கு ஏறாமல் இன்னும் கீழேயே படுத்துக்கொள்ளும் உன்னவன்