பஞ்சு உலையும் வருங்காலச் சம்பந்தியும்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் மனைவி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். வேலை உடுப்போடு உள்ளே வந்தால் வீடு முழுக்க அரிக்கிறதாம். "நேரா குளியலறைக்குப் போங்க, எதையும் தொடாதீங்க." இருபது வருடமாக உலைகளுக்குள் சூடு தாங்கும் செராமிக் ஃபைபர் பதிக்கிறேன். என் வீட்டு நாற்காலியில் உட்கார எனக்குக் குளித்தால்தான் உரிமை.

வார்ப்படத் தொழிற்சாலையில் பழைய உலை. உள்ளே இருந்த செங்கல் சுவரை இடித்து அள்ளியாயிற்று. உலைப் பொறுப்பாளர் இழவு வீட்டுக்கு வந்தவர் போல நின்றார். ஆட்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே 'செங்கல்'. என் ஃபைபர் கட்டி ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தார். வெள்ளைப் பஞ்சு, அமுங்கத்தானே செய்யும்.

"ஏம்ப்பா, உலை கட்ட வந்தியா, மெத்தை தைக்க வந்தியா?"

சிரித்தார்கள். சிரித்தது என் ஆட்கள். அதுதான் வலிக்கிறது.

ஜூன் 4

சாப்பாட்டு நேரத்தில் "தலையணை உண்டா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அந்த ஆளைத் திட்டித் தீர்த்தேன்.

ஜூன் 6, வெள்ளி

மகளுக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறதாம். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நல்ல பையனாம். சரி, அவன் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன். மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்தாள்.

"நீங்க மூணு நாளா திட்டுறீங்களே... அவர்தான்ப்பா."

ஆக, இந்த வீட்டில் எனக்குத்தான் கடைசியாகத் தெரிகிறது. முன்பே சொல்லியிருந்தால் கொஞ்சம் குறைத்துத் திட்டியிருக்க மாட்டேனா?

ஜூன் 7, சனி

மரியாதையாக நடப்பதென்று முடிவு. வணக்கம் சொன்னேன். நாற்காலி எடுத்துப் போட்டேன். ஓடிப்போய் டீ வாங்கி வந்து நீட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன தப்பு பண்ணி வெச்சிருக்க?"

டார்ச்சோடு உலைக்குள் போய் ஒரு மணி நேரம் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை. டீ ஆறிப்போயிற்று. அவர் மகன் இன்னும் வீட்டில் சொல்லவில்லை போல.

ஜூன் 10, செவ்வாய்

தப்பு இருக்கிறது.

கூரையில் இரண்டு வரிசைக்கு நடுவே ஃபைபர் பட்டையை மடித்து அமுக்கி வைக்க வேண்டும். சூட்டில் கட்டிகள் சுருங்கும்போது அது விரிந்து இடைவெளியை அடைக்கும். இன்று சாரத்தில் ஏறிப் பார்த்தால் ஓர் இடத்தில் பட்டையே இல்லை. அந்த வரிசையைப் பதித்தது நான்தான் — சனிக்கிழமை, டீ வாங்க ஓடிய அவசரத்தில்.

கீழிருந்து பார்த்தால் தெரியாது, வெள்ளையோடு வெள்ளை. நெருப்பு வைத்தாலும் முதலில் ஒன்றும் ஆகாது. நாளாக ஆக இடுக்கு வழியே சூடு ஏறி, மேல்தகடு பழுத்து, யார் தலையிலாவது... சொன்னா மானம் போகும். பொண்ணு கல்யாணமும் போகும். என்னடா செய்யப் போறே?

ஜூன் 11

சொல்லிவிட்டேன். "சார், கூரையில ஒரு வரிசையைக் கழட்டணும். தப்பு என்னுது."

அவர் சிரிக்கவில்லை. "ஒரு மணி நேரம் தேடினேனே, எனக்கு எப்படித் தெரியாம போச்சு?" என்றார், தனக்கே அவமானம் போல. பிறகு முகமூடி மாட்டிக்கொண்டு அவரே உள்ளே வந்தார். நான் சாரத்தில் நின்று வேலை பார்க்க, அவர் கீழிருந்து கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. நாலு மணிக்கெல்லாம் சாரக் குழாயில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சார், உங்க பையனும் என் பொண்ணும்..." — அரிப்பில் துடிக்கும் மனிதரிடம் பேசுகிற பேச்சா அது? வாய் நழுவிவிட்டது.

"தெரியும்" என்றார், தேய்ப்பதை நிறுத்தாமல். "ஒரு மாசமா தெரியும். பொண்ணோட அப்பா எப்படிப்பட்ட ஆளுன்னு பார்க்கத்தான் உன் பக்கத்துலயே நிக்கிறேன்."

பார்த்து என்ன முடிவுக்கு வந்தார் என்று சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

நெருப்பு வைத்தோம். செங்கல் இருந்தபோது சூடேற ஒரு பகல் முழுக்கப் பிடிக்குமாம். இன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஆயிரம் டிகிரி. மீட்டர் பழுதா என்று தட்டிப் பார்த்தார். கையுறையைக் கழற்றி வெளித்தகட்டில் உள்ளங்கையை வைத்தார். நான் ஐந்து எண்ணும் வரை எடுக்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 14

அவரிடமிருந்து போன் வரவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

அவர்தான் கூப்பிட்டார். பக்கத்தில் மனைவி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டாவது உலையையும் இடிக்கச் சொல்லிட்டாங்க. எப்ப வர்றீங்க?"

அடுத்த மாதமே வருகிறேன் என்றேன்.

"அடுத்த மாசம் எப்படிங்க முடியும்? கல்யாண வேலை இருக்குமே."

யார் கல்யாணம் சார் என்று கேட்க வாயெடுத்தேன். நல்லவேளை, மனைவி காலை மிதித்தாள்.