ஏழாம் நம்பர் மலையில் வேல் போட்ட கல்

1959 ஜூன் 11, வியாழன்

விடாத மழை. கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் ஒரு துணியும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டேன். இப்போது எல்லாப் பிள்ளைகள் மேலும் புகை நாற்றம். பால்மா முடியப் போகிறது, டிஸ்பென்சர் ஐயாவிடம் சொல்ல வேண்டும். எனக்கு உதவிக்கு இருக்கிற தெய்வானை இன்றும் பிந்தித்தான் வந்தாள். கேட்டால் மழையாம். எனக்கு மட்டும் வெயிலா?

ஹட்டன் கடை நானா படிக்கக் கொடுத்த புதையல் நாவல் பாதி தாண்டிவிட்டது. அட்டை போயிருக்கிறது, பெயர் தெரியாது. மூன்று பேர் காட்டுக்குள் போகிறார்கள். பாறைகளில் வேல் செதுக்கியிருக்கிறது. வேல் முனை காட்டுகிற பக்கம் போனால் அடுத்த பாறை. என் வீட்டுக்காரருக்கு எழுத்து தெரியாது, ஆனால் நான் வாசிக்கும்போது ஒரு வரி விட்டால் உடனே பிடித்துவிடுகிறார். மலையில் வேலை முடிந்து வந்ததும் கை கால் கழுவி எதிரே உட்கார்ந்துவிடுவார். ரொட்டி தின்னச் சொன்னால், முதலில் அந்தக் குகைக்குள் போய்விட்டு வருவோம் என்கிறார்.

பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்காவும் கேட்க வருகிறாள். தனி ஆள். புருஷன் போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டார், பிள்ளையும் இல்லை. பேச்சு குறைவு. தேத்தண்ணியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் இருப்பாள். கதை நல்ல கட்டத்தில் இருந்தால் அது அப்படியே ஆறிவிடும்.

ஜூன் 14, ஞாயிறு

காலையில் கொஞ்சம் வெயில். விறகு, தலைக்குக் குளிப்பு, அரிசி புடைத்தது. பிறகு வாசிப்பு.

குகைக்குள் பெட்டி தெரிகிற இடம். இவர் மூச்சே விடவில்லை. அப்போது பார்த்து மாரியாயி அக்கா, "இதெல்லாம் யாரு வெச்சது புள்ள?" என்று கேட்டாள். வைத்தவன் செத்து எத்தனை காலமோ, நீ வாசி என்று இவர் என்னை அவசரப்படுத்தினார். நானும் வாசித்துக்கொண்டே போனேன்.

இந்தக் கதை ஏன் இப்படி இழுக்கிறது? பாத்திரம் கழுவும்போது யோசித்தேன். கதையில் தோண்டுகிறவனுக்கே கிடைக்கிறது. இங்கே இவர்கள் தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறார்கள், கன்று நடக் குழி வெட்டுகிறார்கள், வருஷம் முழுக்க மண்ணோடுதான் மல்லுக்கட்டு. கிடைப்பது அட்டைக் கடி. எனக்கும் ஆசைதான். ஜன்னல் வைத்த ஒரு அறை, புகை போகிற ஓர் அடுப்பு. அதற்கு மேல் பெட்டியில் என்ன இருந்தாலும் மற்றவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

ஜூன் 17, புதன்

பனி. எதிர் லயத்து வீடுகள் தெரியவில்லை. ஒரு பிள்ளைக்கு வயிற்றோட்டம், அதிலேயே நாள் போனது.

இவர் சிரித்த முகத்தோடு வந்தார். ஏழாம் நம்பர் மலையில் கவ்வாத்து நடக்கிறது. ஓடையோரம் தேயிலைச் செடிகளை வெட்டியதும் அடியில் ஒரு கல் தெரிந்ததாம். கல்லில் வேல். யாரோ கத்தியால் கீறியது. முதலில் நம்பவில்லை. பிறகு நானே, "முனை எந்தப் பக்கம் பாக்குது?" என்று கேட்டேன். கல் சாய்ந்து கிடக்கிறது, முனை மண்ணைப் பார்க்கிறது என்றார். அப்படியானால் புதையல் அங்கேயேதான், எனக்கு ஒட்டியாணம் போதும், மிச்சம் உங்களுக்கு என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. நெடுநாளாக நாங்கள் இப்படிச் சிரிக்கவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

மழை. விறகுக்கு என்று சொல்லி மண்வெட்டியோடு போனார். விறகு வெட்ட மண்வெட்டி எதற்கு என்று கேலி செய்து அனுப்பினேன்.

மதியத்துக்குள் வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. துவாயை விரித்தார். பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கு. மண் அப்பி, ஓரத்தில் புதிதாக ஒரு சில் உடைந்து.

"கொழந்தடி" என்றார்.

கொஞ்சம்தான் வெட்டினாராம். சங்கு வந்தது. கையால் மண்ணைத் தள்ளியபோது சின்னக் கறுப்பு வளையல் ஒன்று தெரிந்தது. அதற்குமேல் தொடவில்லை, மண்ணைத் தள்ளி மூடிவிட்டார். சங்கு கையிலேயே இருந்ததை லயத்துக்கு ஏறும்போதுதான் பார்த்திருக்கிறார். குளிக்க என்று பீலித் தண்ணீருக்குக் கீழே போய் நின்றவர் வெகுநேரம் திரும்பவில்லை. பச்சைத் தண்ணீர், அந்தக் குளிரில்.

சங்கை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். பிறகு அது சரியில்லை என்று தோன்றி, சாமி படத்துக்குக் கீழே.

ஜூன் 22, திங்கள்

நான் டயகமப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். இந்தத் தோட்டத்துப் பழைய கதை தெரியாது. தெய்வானை இங்கேயே பிறந்தவள். துணி மடிக்கும்போது, கைக்குழந்தை போனால் இங்கே எங்கே வைப்பார்கள் என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். மயானத்துக்குக் கொண்டுபோவதில்லை, ஓடைப் பக்கம்தான் என்றாள். பிறகு அவளாகவே, "நம்ம மாரியாயி அக்கா புள்ளையும் ஏழாம் நம்பர்லதான் இருக்கு. முருகன் பேரு வெச்ச புள்ள. அது அப்பாதான் கவ்வாத்துக் கத்தியால கல்லுல வேல் போட்டாரு" என்றாள்.

அதன் பிறகு பிள்ளைகளுக்குப் பால் புகட்ட, பிள்ளைக்காம்பராச் சங்கைக் கையில் எடுக்க முடியவில்லை. தெய்வானையைச் செய்யச் சொன்னேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் வாய். முனை எந்தப் பக்கம் என்று கேட்டவள் நான். கேட்காமல் இருந்திருந்தால் அவர் மறுநாளே மறந்திருப்பார்.

ஜூன் 24, புதன்

சண்டை. சத்தம் போடாமல். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருக்கிறாளே.

அவளுக்குத் தெரியாமல் சங்கைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறேன் என்கிறார் இவர். தெரியாமல் இருந்தால் அவள் நிம்மதியாக இருப்பாளாம். அவள் கல்லைப் பார்க்கப் போவாள், மண் கிளறியிருப்பதைக் கண்டு பன்றியோ நரியோ என்று நினைத்துப் பதறுவாள், அதற்குச் சொல்லிவிடுவதே மேல் என்கிறேன் நான். "அவ மொகத்த நான் எப்புடிப் பாக்குறது?" என்றார். சாப்பாடு அப்படியே இருந்தது.

சாயங்காலம் அவள் வந்து வாசலில் உட்கார்ந்தாள். தலைவலி, இன்றைக்கு வாசிக்கவில்லை என்றேன். பெட்டியைத் திறந்துவிட்டார்களா என்று மட்டும் கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து தந்தாள். அதை அவள் முன்னால் குடித்தேன்.

ஜூன் 28, ஞாயிறு

மழை இல்லை. காற்று மட்டும்.

சொல்லிவிட்டேன். அவள் காம்பராவில், அடுப்புக்கு முன்னால். இவர் வெளியே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நாவலில் வந்த வேல், ஏழாம் நம்பர் கல், எங்கள் சிரிப்பு, ஒட்டியாணம் எல்லாவற்றையும் சொன்னேன். சங்கைக் கொடுத்தேன். அவள் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"இது இப்ப ஒடஞ்சதா?"

ஆமாம் என்றேன். பொய் சொல்ல நினைத்திருந்தேன், வரவில்லை.

மூன்று பேரும் மலைக்குப் போனோம். இவர் பாதையிலேயே நின்றுவிட்டார். சங்கை அவளே வைத்தாள், கையாலேயே மண்ணைத் தள்ளினாள். என்னைத் தொடவிடவில்லை. கல்லை நிமிர்த்த மட்டும் இவரைக் கூப்பிட்டாள். முனை இப்போது மேலே பார்க்கிறது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திரும்பும்போது இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கை காட்டி நிறுத்திவிட்டாள். லயத்து வாசலில் என்னிடம் மட்டும் கேட்டாள்:

"அந்தப் பொஸ்தகத்துல, தோண்டினவங்க யாராச்சும் இது யாருதுன்னு கேட்டாங்களா புள்ள?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

விளக்கேற்றி மிச்சப் பக்கங்களை வாசித்து முடித்தேன், வாய்விடாமல். இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பெட்டியைத் திறக்கிறார்கள். மூன்று பங்கு வைக்கிறார்கள். கப்பலேறுகிறார்கள். முதலிலிருந்தும் ஒருமுறை புரட்டிப் பார்த்தேன்.

யாரும் கேட்கவில்லை.