டீ வேண்டாம், கலர் போதும்

அத்தை, இதை யாரிடமும் காட்டாதீர்கள். நீங்கள் இருக்கும் இடத்தில் உங்களைச் சுற்றி யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அங்கேயும் நம் சபைக்காரர்கள் இரண்டிரண்டு பேராக வந்து போதிப்பார்கள் என்று ஞாயிறு வகுப்பில் சொன்னார்கள். அவர்களிடமும் காட்டாதீர்கள். அப்பாவின் கனவில் எப்போதாவது வந்தால், வாய் தவறிக்கூட இதைச் சொல்லிவிடாதீர்கள்.

என் மேசைமேல் ஒரு கலர் பாட்டில் நிற்கிறது. ஆரஞ்சு. இன்னும் மூடி திறக்கவில்லை. அப்பா சாயங்காலம் காலனியிலிருந்து கொண்டுவந்தார். நம் அஞ்சலை அக்காவின் வீட்டுக்காரர் கரும்பு இறக்கும்போது வண்டியிலிருந்து விழுந்து கால் வீங்கிக் கிடக்கிறார். சர்க்கரை ஆலையில் தெரிந்தவர் என்று அப்பா பார்க்கப் போயிருந்தார்.

“நான் உள்ள நுழையறதுக்குள்ள கடைக்கு ஓடிப்போய் வாங்கிக்கினு வந்துட்டாங்க பாப்பா. நம்மமேல அவ்ளோ பாசம். வேணாம்னாலும் வுடல. எனக்குத்தான் மத்தியானச் சாப்பாட்டோட உபவாசம் ஆரம்பிச்சாச்சே, நீ குடி.”

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். வயிறு நிறைந்திருக்கிறது என்று பொய் சொல்லி அறைக்குள் வந்துவிட்டேன். அந்தப் பாட்டிலுக்கு என்ன அர்த்தம் என்று இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்குத் தெரியும், ஆனால் நீங்கள் இல்லை.

நாளை மாதத்தின் முதல் ஞாயிறு, சபையில் உபவாச நாள். சபைத் தலைவர் பட்டணத்திலிருந்து நம் வீட்டுக்கு வருகிறார். இங்கே நடக்கும் கூட்டத்தில் அப்பா எழுந்து உங்களைப் பற்றிச் சாட்சி சொல்லப் போகிறார். இந்த நேரத்திலும் மொட்டைமாடியில் நடந்துகொண்டே சொல்லிப் பார்க்கிறார். ஜன்னல் வழியாகக் கேட்கிறது. “எங்க அக்கா ஒரு டம்ளர் டீக்கு அடிமையாயி சபைய வுட்டுட்டாங்க. ஆனா தேவன் அவங்கள வுடல.” அந்த இடம் வரும்போதெல்லாம் குரல் உடைந்து, முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிறது. அப்பா அதற்குத்தான் காத்திருந்தார். செத்துப்போனவர்களுக்காக உயிரோடு இருக்கும் ஒருவர் ஆலயத்தில் தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் பெறலாம் என்பது நம் சபையின் நம்பிக்கை. அப்படிச் செய்தால்தான் குடும்பம் அங்கேயும் சேர்ந்திருக்கும் என்று அப்பா உறுதியாக நம்புகிறார். நீங்களே கேட்டுச் சபைப் பதிவிலிருந்து பெயரை எடுத்தவர் என்பதால் உங்களுக்குச் சபை மேலிடத்தில் தனியாக அனுமதி வாங்க வேண்டுமாம். சபைத் தலைவர் நாளை அதைப் பற்றிப் பேசுவார். “உங்க அத்தைக்குப் பதிலா நீதான் பாப்பா தண்ணியில எறங்கணும். உன்னத்தான் அவங்களுக்கு ரொம்பப் புடிக்கும்” என்று மத்தியானம் சாப்பிடும்போது சொன்னார். நான் தலையை ஆட்டினேன். சரி என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை.

பயமாக இருக்கிறது அத்தை. தண்ணீருக்கு இல்லை.

நீங்கள் சபையில் இருந்த வருடங்கள் நினைவுக்கு வருகின்றன. ஊரில் ‘மார்மன்’ என்ற சொல்லே யாருக்கும் வாயில் நுழையாது. “வெள்ளைச் சட்டை சாமி” என்பார்கள். முதன்முதலில் அந்த இரண்டு வெளிநாட்டுப் பையன்கள் கழுத்துப்பட்டையோடு வியர்த்து வழிந்து நம் வாசலில் வந்து நின்றபோது, இவர் மூப்பர், அவரும் மூப்பர் என்று அப்பா அறிமுகப்படுத்தினார். “மீசையே மொளைக்கல, அதுக்குள்ள இன்னாடா மூப்பர்?” என்று கேட்டு அவர்களுக்கு மோர் கொடுத்தீர்கள். அவர்கள் புரியாமலே சிரித்தார்கள்.

எதிர்வீட்டு மாமா ஒருநாள் தெருவில் வைத்தே அப்பாவைக் கேட்டார்: “இன்னா சார், உங்க மதத்துல நாலு கட்டிக்கலாமாமே?” அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அதெல்லாம் அந்தக் காலத்தில் எப்போதோ, இப்போது கிடையாது என்று விளக்க ஆரம்பித்தார். நீங்கள் மாடியிலிருந்து குரல் கொடுத்தீர்கள். “இருக்கற ஒருத்தியையே சினிமாவுக்குக் கூட்டிக்கினு போறதில்ல. நாலு பேருன்னா டிக்கெட்டு எடுத்தே ஓஞ்சிடுவான்!” அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

என் வகுப்பில் ஒருத்தி, “நீங்க கிறிஸ்தவங்களே இல்லியாம், எங்க பாஸ்டர் சொன்னாரு” என்றதும் அழுதுகொண்டு வந்தேன். “போயி சொல்லு, எங்களுதுல பைபிளுக்கு மேல ஒரு புஸ்தகம் ஜாஸ்தி, ஒரு டீ கம்மின்னு” என்றீர்கள்.

டீ, காபி இரண்டும் கூடாது என்பது மட்டும்தான் ஊருக்குப் புரிந்த சட்டம். புரிந்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்பா ஏன் இந்தச் சபைக்கு வந்தார் என்று எனக்குப் பத்துத் தடவையாவது சொல்லியிருக்கிறார். பட்டணத்துக் கூட்டத்துக்கு முதன்முதலாகப் போன அன்று திருவிருந்து ரொட்டித் தட்டைக் கொண்டுவந்து நீட்டியவர், நம் பக்கத்துக் காலனியிலிருந்து போய் அங்கே வேலை பார்ப்பவர். ஊர்த்தெருவில் பிறந்த அப்பா அவர் கையிலிருந்து வாங்கிச் சாப்பிட்டார். “அன்னிக்குத்தான் பாப்பா நான் மனுசனானேன். சாதிய அந்தத் தட்டுலயே வெச்சிட்டு வந்துட்டேன்” என்பார். அவர் வேறு எதைப் பற்றியும் இவ்வளவு பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஒரு காலாண்டு விடுமுறை, நான் அப்போது எட்டாம் வகுப்பு. எலவனாசூர்கோட்டைப் பக்கம் நீங்கள் வேலை பார்த்த ஊர்களுக்கெல்லாம் உங்கள் ஸ்கூட்டியில் ஏறி வந்துவிடுவேன். எல்லோரும் உங்களை நர்சம்மா என்று கூப்பிடுவது எனக்குப் பெருமை. அன்று அஞ்சலை அக்காவின் குழந்தைக்கு எடை பார்க்கப் போனோம். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. அஞ்சலை அக்கா நம்மைப் பார்த்ததும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டது: “யோவ், ஓடிப்போய் ரெண்டு கலர் வாங்கிக்கினு வா.”

“எதுக்கும்மா செலவு? எனக்கு ஒண்ணும் வேணாம், நீங்க டீயக் குடிங்க” என்றீர்கள்.

“உங்களுக்கு எப்பிடிக்கா டீ குடுக்கறது? எங்களுக்குத் தெரியாதா? உங்க வூட்லேர்ந்து யாரு வந்தாலும் கலர்தான். உங்க தம்பி சாருக்கும் அதான்.”

“எங்க சபையில டீ கூடாதும்மா. அதுக்காவத்தான்.”

அஞ்சலை அக்கா சிரித்தது. கோபமே இல்லை. குழந்தையின் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே சொன்னது: “போக்கா. உங்கம்மாவுந்தான் எங்க வூட்டுல பச்சத்தண்ணி குடிச்சதில்ல. அவங்க எந்தச் சபைக்குப் போனாங்க?”

நீங்கள் கையிலிருந்த தராசுக் கொக்கியைக் கீழே வைத்தீர்கள். மூடி போட்ட பாட்டில் என்றால் அவர்கள் வீட்டுப் பாத்திரம் நம் வாயில் படாது. ஊர்த்தெரு ஆட்கள் எல்லோருக்கும் காலனியில் அப்படித்தான் வாங்கிக் கொடுப்பார்கள். நம்மையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தார்கள், இத்தனை வருடமாக.

“அஞ்சலை, அந்த டீயில எனக்கொரு டம்ளர் ஊத்து.”

“ஐயோ, வெளாட்டுக்குச் சொன்னேங்க்கா.”

“ஊத்துடி.”

அஞ்சலை அக்கா பரணிலிருந்து ஒரு புது டம்ளரை எடுத்து, கழுவி, திரும்பவும் கழுவியது. “நீ எதுல குடிப்பியோ அதுல ஊத்து” என்றீர்கள். நீங்கள் குடித்து முடிக்கும்வரை அது உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தது. காலியானதும் கேட்காமலே இன்னும் கொஞ்சம் ஊற்றியது. அதையும் குடித்தீர்கள். ஏதாவது தண்டனை வந்துவிடுமோ என்று நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினீர்கள்.

“கல்வராயன் மலையில வேல பாத்தப்ப எவ வூட்டுலயும் உக்காந்து சாமைக் கஞ்சி குடிப்பேன். கீழ எறங்குனா இந்தக் கை நீளாது. மின்ன சாதிக்காவக் குடிக்கல. அப்பறம் சாமிக்காவக் குடிக்கல. குடுக்கறவளுக்கு ரெண்டும் ஒண்ணுதான பாப்பா?”

“அப்பாகிட்ட சொல்லலாம் அத்த. அவரும் குடிப்பாரு.”

“சொல்லாத. குடிச்சா சாமிக்குத் துரோகம், குடிக்கலன்னா சாதிக்காரன். நடுவுல மாட்டிக்கினு நொந்து போயிடுவான். அந்த ரொட்டித் தட்ட நெனச்சிக்கினுதான் அவன் நிமிந்து நடக்கறான். அதப் புடுங்கிடாத. சத்தியம் பண்ணு.”

சத்தியம் செய்தேன்.

அதன்பிறகு நீங்கள் போன வீடுகளில் எல்லாம் டீ குடித்தீர்கள். ஆலயத்துக்குப் போகத் தகுதி உண்டா என்று சபைத் தலைவர் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது, குடிக்கிறேன், இனியும் குடிப்பேன் என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டீர்கள். அவர் நல்லவர். எவ்வளவு மெதுவாகக் கேட்டார் என்று நீங்களே எனக்கு நடித்துக் காட்டினீர்கள்: “டீ வேணாம்னு அன்பா சொல்லிட்டு, கலர் ஏதாச்சும் கேட்டு வாங்கிக் குடிக்கலாமே சிஸ்டர்?” உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். தன்னைக் கிண்டல் செய்வதாக அவர் நினைத்துக்கொண்டாராம். “அது மட்டும் முடியாதுங்க” என்று எழுந்து வந்தீர்கள். பிறகு பெயரையும் எடுத்துவிடச் சொன்னீர்கள். செய்ய முடியாததைச் செய்கிறேன் என்று சபையில் எல்லோரோடும் கையைத் தூக்கி ஒப்புக்கொண்டு உட்கார உங்களால் முடியவில்லை.

அப்பா அன்று சாப்பிடவில்லை. “இன்னாக்கா ஆச்சு? யாராவது எதனா சொன்னாங்களா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

“டீ இல்லாம முடியலடா தம்பி.”

அவ்வளவுதான் சொன்னீர்கள். சபையில் அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார்கள். ஒரு டம்ளர் டீக்காகவா, என்பார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. நீங்கள் நோயில் படுத்தபோது முறைவைத்துச் சோறு கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். எனக்கும் சபை பிடிக்கும் அத்தை. அங்கே பாடும்போது மனசு லேசாகிறது. அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அப்பா உங்கள் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து, கைகளை வைத்து ஜெபித்தாரே, நினைவிருக்கிறதா? முதலில் தயங்கித் தயங்கி அனுமதி கேட்டார். “வையிடா. சின்னப் புள்ளையில நான் தூக்கிக்கினு சுத்துன கைதான” என்றீர்கள். அவர் முடித்த பிறகும் கையை எடுக்க விடவில்லை. நம்பிக்கை போன பிறகும் அவர் கை மட்டும் உங்களுக்கு வேண்டியிருந்தது. யார் வீட்டுக்குள் போனாலும் நமக்கு முன்னால் என்ன வைக்கிறார்கள், எதில் கொடுக்கிறார்கள் என்று நான் பார்க்கிறேன். உங்களிடமிருந்து வந்த பழக்கம் அது. ஆனால் அதைவிட அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்ததைத்தான் நான் அதிகம் மனசில் வைத்திருக்கிறேன்.

யாருக்காக ஞானஸ்நானம் செய்கிறோமோ அவர்கள் அங்கே சரி என்றும் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாமாம். கட்டாயம் இல்லையாம். உங்கள் பெயரைச் சொல்லி என்னை முக்கும்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்? அப்பாவுக்காகச் சரி என்று சொல்லிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் நான் இறங்குகிறேன். ஆனால் டீக்கு அடிமையான ஒருத்திக்காக இறங்க மாட்டேன். அது நீங்கள் இல்லை. அந்த இன்னொருத்திக்கு உங்கள் பெயரை வைத்து நாளை எல்லோர் முன்னாலும் அப்பா அழப்போகிறார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொல்ல வேண்டும்.

முடியாது அத்தை. சத்தியத்தை மீறப் போகிறேன். அவர் எழுந்து நிற்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். நொந்து போவார். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வரும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கைப்பையிலிருந்து சீரகத்தை எடுத்து மென்று, “சனியன், எதுக்களிக்குது பாப்பா, எப்பிடித்தான் இத குடிக்கறாங்களோ” என்று சொல்வீர்களே, அதிலிருந்து. அப்பா, அத்தைக்கு டீ பிடிக்கவே பிடிக்காது. இதைத்தான் முதலில் சொல்வேன். ஏன் குடித்தார்கள் என்று அவரே கேட்பார். கேட்ட பிறகு

மாடிப்படியில் செருப்புச் சத்தம். கதவைத் தட்டுகிறார்.

“பாப்பா, தூங்கலியா? அக்காவப் பத்திச் சொல்றப்போ ஒரு வார்த்த சரியா வர மாட்டேங்குது. கேட்டுட்டு எதுனா சொல்றியா?”

வரேம்ப்பா என்று சொல்லிவிட்டேன்.