வேதத்துக்குப் போனவளின் அடுப்பு

1998 மார்ச் 5, வியாழன்

விடியுமுன்பே மழை. ரப்பர் பால்வெட்டு இல்லை. ஆகவே தொழிலாளர் லயம் முழுவதும் வீட்டில். ஆகவே எல்லார் வாயிலும் கோயில் திருவிழா.

நாலாம் வகுப்பில் சைவ சமயப் பாடம். “உன் சமயம் என்ன?” என்று கமலாவைக் கேட்டேன். “மூணாவது பாடம் சேர்.” பாட நேரசூசிப்படி சரியான விடை.

யோசித்துப் பார்த்தால், சமயம், மதம் இரண்டும் இந்தத் தோட்டத்தில் பள்ளிக்கூடச் சொற்கள். தெஹியோவிட்ட கடைவீதியில் சிங்கள முதலாளி கேட்டால், “அப்பே ஆகம”, நம்ம சமயம், என்று சொல்ல எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குள் அதற்குப் பெயரே கிடையாது. சாமி கும்பிடுகிறோம், அவ்வளவுதான். பெயர் இருப்பது சபையில் சேர்ந்து கிறிஸ்தவராகிப் போனவர்களுக்கு மட்டும். “அவ வேதத்துக்குப் போயிட்டா.” பஸ் ஏறிப் போன ஊரைப் போலச் சொல்கிறார்கள். திரும்பி வர பஸ் கிடையாது.

சவர பிளேட் வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

தலைவர் வேலு வீட்டில் திருவிழாக் கூட்டம். தொழிற்சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கோயிலுக்கும் அவர்தான். தேநீரில் சீனி அதிகம்.

பேச்சு கரகத்தைப் பற்றி. வருடா வருடம் எடுப்பவர் முத்தையா. பால் வெட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். போன திருவிழாவுக்குப் பிறகு அவர் மனைவி ராசம்மா வேதத்துக்குப் போனாள். மகளுக்கு வலிப்பு வந்தபோது ஆஸ்பத்திரி மருந்து, பூசாரி கட்டிய கயிறு, பாஸ்டர் ஜெபம், மூன்றும் ஒரே வாரத்தில். ஜெபம் கடைசியாக வந்தது. பெயர் அதற்குப் போய்விட்டது.

“வேத வூட்டுலருந்து கரகம் வரலாமா?” இதுதான் கேள்வி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மதம் ஆளுக்கு ஆள் வேறு, முத்தையா மாறவில்லையே என்றேன். கொஞ்சம் நீளமாகவே சொன்னேன்.

“அப்ப சட்டியும் ஆளுக்கு ஆளா, மாஸ்டர்?” என்றார் தலைவர். “இவன் காப்பு கட்டிக்கிட்டு விரதம் இருப்பான். அந்தப் புள்ள ராசம்மா அதே அடுப்புல கருவாடு சுடும். ரெண்டும் ஒரே பொகதானே?”

சிரிப்பு. என் படிப்பு அத்துடன் முடிந்தது.

வாசலில் நின்ற ராசம்மா சொன்னாள்: “அப்ப நான் தனி அடுப்பு போட்டுக்கிறேங்க.”

கூட்டம் சம்மதித்தது. எனக்கும் நியாயமாகப் பட்டது. கடவுளைப் பிரிப்பதைவிட அடுப்பைப் பிரிப்பது லேசு என்று நினைத்தேன்.

மார்ச் 9, திங்கள்

நல்ல வெயில். நேற்றுக் காப்பு கட்டியாயிற்று. முத்தையா காம்பரா அறைக்குள் தானே சமைக்கிறார், மோசமாக. ராசம்மா பின்பக்க இறவாரத்தில், மூன்று கல் வைத்து. மகள் இரண்டு அடுப்பிலும் சாப்பிடுகிறாள். இந்த ஏற்பாட்டில் லாபம் அவளுக்கு மட்டும்.

லயத்தில் தனி அடுப்புக்கு ஒரே அர்த்தம்தான். அண்ணன் தம்பி பிரிந்தாலும், புருஷன் பெண்டாட்டி பிரிந்தாலும் முதலில் வைப்பது அந்த மூன்று கல்லை. தெரியாதவர்கள் யாருமில்லை. கூட்டத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை, எனக்கும்தான்.

தண்ணீர்ப் பீலியில் இரண்டு பெண்கள்:

“முத்தையாண்ணே அவள ஒதுக்கி வச்சிருச்சாம்டி.”

“பின்ன? வேதத்துக்குப் போனா மடியில வச்சுக் கொஞ்சுமா?”

மார்ச் 11, புதன்

செய்தி ருவான்வெல்லைக்கும் எட்டிவிட்டது. மத்தியானம் ராசம்மாவின் அண்ணன் வந்து நின்றார், தங்கையைக் கூட்டிப்போக. லயமே வாசலில்.

“எந்தங்கச்சிய வெலக்கி வச்சிட்டு சாமி தூக்கப் போறீங்களா மச்சான்?”

“வெலக்கலீங்க மச்சான். வெரதந்தான்.”

“வெரதத்துக்கு எவன் ரெண்டு அடுப்பு போட்டான்? மூட்டையக் கட்டு ராசம்மா.”

அவள் கட்டவில்லை. புருஷனைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க. போகச் சொன்னா போறேன்.”

முத்தையா உள்ளே போனார். மணிக்கட்டுக் காப்பை அவிழ்த்து அம்மன் படத்தில் மாட்டினார். பின்பக்கம் போய் ராசம்மாவின் சட்டியைத் தூக்கிவந்து உள்ளடுப்பில் வைத்தார். கருவாட்டுக் குழம்பு. சோற்றில் ஊற்றி, எல்லாரும் பார்க்கச் சாப்பிட்டார்.

“அடப் பாவி! இனி கரகத்த யாருடா தூக்குறது?” என்று கத்தினார் தலைவர். அவிழ்த்த காப்பால் தோட்டத்துக்கு என்ன வருமோ என்கிற பயம் எல்லார் முகத்திலும்.

“ஒங்க தம்பி மகன் இருக்கான்ல, தலைவரே. நான் சொல்லிக் குடுக்கிறேன்.”

அண்ணனும் உட்கார்ந்து சாப்பிட்டார். குழம்பில் உப்புக் கூடிவிட்டதாம்.

மார்ச் 15, ஞாயிறு

திருவிழா. மழை இல்லை. தப்புச் சத்தத்தில் காது இன்னும் அடைத்திருக்கிறது.

ஆற்றிலிருந்து கோயிலுக்கு ஏறும் படிகள் செங்குத்து. கரகம் தலைவரின் தம்பி மகன் தலையில். அவனுக்கு முன்னால் முத்தையா, பின்னோக்கி நடந்தபடி: “மெதுவா. எடது கால வை. கீழ பாக்காத.” வெறுங்கை, வெறுந்தலை. கழுத்து மட்டும் வழி நெடுக அசையவில்லை.

சாயந்தரம் அவர் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பாஸ்டர் வந்தார், நல்ல உற்சாகத்தோடு.

“கர்த்தர் ஒங்கள நடத்திட்டாருண்ணே. அடுத்த ஞாயிறு சபைக்கு வாங்க. நீங்களும் வேதத்துக்கு வந்த மாதிரிதானே?”

ராசம்மா கையிலிருந்த தேநீர்க் கேத்தலோடு அப்படியே நின்றாள்.

முத்தையா கோப்பையைக் கீழே வைத்தார்.

“நான் எங்கயும் போகலீங்க ஐயா. கரகந்தான் போயிருச்சு.”