ஆறு பட்டை யூரியா

ரோஜாத் தொட்டிக்கு வாங்கிய யூரியா பொட்டலத்தை இன்று காலை பிரித்தேன். லேசாக ஒரு நெடி. உடனே நீங்கள் நினைவில் வந்துவிட்டீர்கள், அந்த நாள் போலவே உர ஆலையில் ஷிப்ட் முடித்து, தொட்டிக்கென்று ஒரு கைப்பிடி யூரியாவோடு.

எழுபதுகளில் நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு வந்த புதுப்பெண் நான். திருநெல்வேலியில் வேதியியல் படித்தவளுக்கு இங்கே ஸ்டவ்வோடும் சுவரோடும்தான் பேச்சு. நீங்கள் வேலைக்குப் போவீர்கள், வந்தால் தூங்குவீர்கள். நமக்குள் சண்டைகூட இல்லை. சண்டைக்கும் பேச வேண்டுமே! ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்து என்னை அழைத்துப்போவதாக இருந்தது. பெட்டியும் கட்டியாயிற்று. திரும்பி வருகிற எண்ணம் எனக்கில்லை. அது உங்களுக்கும் தெரியும்.

அந்த வாரம் பொழுது போகாமல் யூரியாவை ஸ்டவ் பற்றவைக்கும் ஸ்பிரிட்டில் கரைத்து ஆறவைத்தேன். நாலு பட்டையில் ஊசி ஊசியாகப் படிகம் வந்தது. மறுநாள் அவசரத்தில் எடுத்த பாட்டிலின் அடியில் மண்ணெண்ணெய் மிச்சம் இருந்திருக்கிறது. அதில் வந்த ஊசிகளுக்கோ ஆறு பட்டை! என் கல்லூரி லென்ஸை உங்களிடம் நீட்டினேன்.

சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். "தினமும் மலை மலையாக் கொட்டுதோம், ஒருநாளும் இப்படி உத்துப் பாத்ததில்ல. என்ன செஞ்சே? மறுபடியும் செய்யி."

செய்தோம். வடிகட்டி, துணியில் ஒற்றி, காயவைத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டோம். படிகம் கரையக் கரைய எண்ணெய் மேலே வந்து வானவில்லாகப் பரவியது. காப்பித்தூள் கடன் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, "என்னாக்கா, ரெண்டு பேரும் தண்ணியையே பாத்துகினு இருக்கீங்க?" என்று சிரித்தாள்.

"இம்புட்டு எண்ணெயும் எங்கே ஒளிஞ்சிருந்துச்சு?" என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் ஊருக்குப் போகவும் மனசு வரவில்லை.

"அப்பாகிட்ட என்ன சொல்ல?"

"சோதனை முடியலைன்னு சொல்லு." டம்ளரை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை நீங்கள். அப்பா முணுமுணுத்துக்கொண்டே தனியாகத்தான் பஸ் ஏறினார்.

விடை கிடைக்கப் பல வருடம் ஆனது. டவுன்ஷிப் நூலகத்தில் ஒரு பழைய புத்தகம். யூரியா மூலக்கூறுகள் தனியே இருந்தால் ஒருவிதமாகக் கைகோத்து அடுக்குமாம். நடுவில் எண்ணெய் வந்தால் அதைச் சுற்றிக் கைகோத்து ஆறு பட்டைச் சுரங்கம் கட்டுமாம். எண்ணெய் போய்விட்டால் சுரங்கம் நிற்காது, குலைந்து பழைய அடுக்குக்கே திரும்பிவிடும். படித்துச் சொன்னபோது, "காலியா நிக்காதாமா? பாவமே" என்றீர்கள்.

நீங்கள் போன பிறகு மகள் தினமும் போன் செய்கிறாள். இன்றும் கேட்டாள்: "தனியா அங்க என்னம்மா பண்ற? கிளம்பி இங்க வந்துடு."

"சோதனை இன்னும் முடியலைடி" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும். புத்தகத்தில் போட்டுவிட்டால் ஆயிற்றா? காலியான சுரங்கம் நிற்குமா நிற்காதா என்று நான் இருந்து பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.